கேள்விக்கடை அக்கா

ஸ்ரீவில்லிபுத்தூரில் எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் டாக்டர் சீட்டு இருந்தால் போதும். அந்த ஒரு கடைக்கு மட்டும் சீட்டோடு பொறுமையும் வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து தேரடிக்குப் போகிற வழியில், பூட்டுச்சாவிக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருந்தது. இப்போது அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். போர்டில் ஏதோ சாமி பெயர் போட்டிருந்தது, ஆனால் ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. ‘கேள்விக்கடை’ என்றால் ஆட்டோக்காரர் நேராகக் கொண்டுபோய் இறக்கிவிடுவார். இறக்கும்போது, “அங்கயா போறீங்க? அப்ப இன்னைக்கு வீடு போய்ச் சேர்ந்த மாதிரிதான்” என்று ஒரு நக்கலும் அடிப்பார்.

கேள்வி கேட்பது அங்கே இருந்த அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு. காட்டன் சேலைக்கு மேல் வெள்ளைக் கோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி. மருந்தாளுநர் படிப்புச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அதில் அவர் பெயர் இருந்திருக்கும், நான்தான் படித்துப் பார்க்கவில்லை. எனக்கு அவர் அக்கா, அவருக்கு நான் அண்ணாச்சி. இரண்டு பேரில் யார் மூத்தவர் என்று கடைசிவரை இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. அவர் கேட்காமல் விட்ட கேள்விகளில் அதுவும் ஒன்று.

நான் ராஜபாளையத்துக்காரன். பள்ளிக்கூட வேன் டிரைவர். தளவாய்புரம், சேத்தூர்ப் பக்கத்துப் பிள்ளைகளைக் காலையில் ஏற்றி வந்து சாயங்காலம் வீட்டு வாசலில் இறக்குவேன். நாற்பத்தைந்தாவது வயதில் எனக்குத் தூக்கம் போயிற்று. கடன் இல்லை, கவலை இல்லை, காதல் தோல்விக்கு வயதும் இல்லை. ஆனாலும் மூன்று மாதமாக ராத்திரியில் பொட்டுத் தூக்கம் கிடையாது. கண்ணுக்குக் கீழே அடுப்புக்கரி பூசினது மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் காலை சேத்தூர் விலக்கில், தென்னமட்டை ஏற்றிக்கொண்டு முன்னால் போன டிராக்டர் என் கண்ணுக்கே தெரியவில்லை. மட்டை கண்ணாடியில் உரசுகிற தூரத்துக்கு வந்த பிறகுதான் பிரேக்கை மிதித்தேன். பின்சீட்டில் இருந்த எல்.கே.ஜி. பிள்ளை கைதட்டி, “மாமா, இன்னொருவாட்டி!” என்றது.

அன்றைக்கே டாக்டரைப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். ராஜபாளையத்தில் டாக்டருக்கா பஞ்சம்? ஆனால் எனக்கு உள்ளூர் டாக்டர் ஆகாது. எங்கள் பக்கம் ‘தூக்க மாத்திரை’ என்கிற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். ‘அவன் தூக்க மாத்திரையப் போட்டுட்டான்’ என்றால், கேட்கிறவன் ‘பொழச்சானா?’ என்றுதான் திருப்பிக் கேட்பான். நிம்மதியாகத் தூங்குவதற்காக ஒருத்தன் அதைப் போடுவான் என்று யாருக்கும் தோன்றாது. அதுவும் பள்ளிக்கூட வேன் டிரைவர் போடுகிறான் என்று தெரிந்தால் வேலைச் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். ஆகவே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அங்கே டாக்டர் என்ன தொழில் என்று கேட்டதற்குச் ‘சொந்தத் தொழில்’ என்று ஒரு புளுகு. அவர் பத்து நாளைக்குப் பத்து மாத்திரை எழுதி, பத்தாம் நாள் வரச் சொன்னார். சீட்டோடு நான் நுழைந்த கடை இந்தக் கடை. யார் முகத்தில் விழித்தேனோ!

“யாருக்கு?” என்றார் அக்கா.

“எனக்குத்தான்.”

“இதுக்கு முன்னால போட்டிருக்கீங்களா? குறட்டை உண்டா? இழுப்பு, மூச்சுத் திணறல்? வேற என்ன மாத்திரை ஓடுது? குடிப்பீங்களா? மாசத்துக்கு ஒருநாள்னாலும் சொல்லுங்க.”

பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டினேன். அது உண்மையும்தான்.

“என்ன வேலை?”

“ஜவுளிக்கடை.”

கண்ணாடிக்கு மேலே ஒரு பார்வை பார்த்தார். நிதானமாகச் சொன்னார்: “வலது கை மட்டும் முழங்கைக்குக் கீழ கருத்துக் கெடக்கு. இடது கை நல்ல நெறமா இருக்கு. ஜவுளிக்கடையில எந்த ஜன்னல்ல கைய வச்சிட்டு இருப்பீங்க அண்ணாச்சி?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “குடுக்க இஷ்டம்னா குடுங்க. இங்க நான் ஜோசியம் பாக்க வரல” என்றேன்.

“ஜோசியம் தப்பினா பரிகாரம் பண்ணிக்கிடலாம். இது தப்பினா முடியாது. வண்டியில யாரு வாராங்க?”

ஏனோ பொய் வரவில்லை. “பிள்ளைக” என்றேன்.

எடுத்து வைத்த மாத்திரை அட்டையைத் திரும்ப டிராயருக்குள் போட்டார். டாக்டருக்குப் போன் அடித்தார். ஐந்து நிமிடம் பேசினார். பிறகு என்னை மேசையின் ஓரத்துக்குக் கூப்பிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் ஆரம்பித்தார். “ஒம்பது மணிக்குப் போடணும். போட்டா நேரா படுக்கைக்குப் போயிரணும். டிவி பாக்குறது, போன நோண்டுறது, மோட்டரப் போட்டுட்டு வாரேன்னு எந்திரிக்கிறது ஒண்ணும் கூடாது. தூக்கம் வரலன்னு ரெண்டாவதப் போட்டுறாதீங்க. இந்தப் பத்து நாளும் காலையில ஸ்டியரிங்கத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. சாயங்காலமும் தல கிறுகிறுன்னு இருந்தா கிட்டயே போகாதீங்க. பத்து நாள் கழிச்சு அவரப் பாக்காம நீங்களா இன்னொரு அட்டை வாங்காதீங்க. யாருக்கும் ஒண்ணு குடுக்காதீங்க. பூட்டி வைங்க.”

எல்லாம் சொல்லி முடித்து, “இப்ப நீங்க சொல்லுங்க” என்றார். நான் திருப்பிச் சொல்ல வேண்டுமாம்! ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி கை கட்டிக்கொண்டு ஒப்பித்தேன். ‘பூட்டி வைங்க’ என்பதை மட்டும் விட்டுவிட்டேன். அதையும் சொல்ல வைத்த பிறகுதான் அட்டை என் கைக்கு வந்தது.

வெளியே வந்து அரை மணி நேரம் அவரைத் திட்டிக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். இப்போது நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது. கையின் நிறத்தைப் பார்த்து, முகம் தெரியாத இருபத்திரண்டு பிள்ளைகளை அவர் பார்த்துவிட்டார்.

நான் ஒருவன் மட்டும் அவரிடம் மாட்டினேன் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்கு என் முறை வருவதற்கு முன், வரிசையில் நின்றபோதே இரண்டு சங்கதிகளைக் கண்ணால் பார்த்திருந்தேன். ஒரு மில் முதலாளி, வாசலை அடைத்துக் காரை நிறுத்திவிட்டு வந்து, இந்த மாதிரி மாத்திரையில் ஒரு அட்டை கேட்டார். சீட்டு இல்லை. “என்னை யாருன்னு தெரியுமா?” என்றார். அக்கா, “தெரியும் மொதலாளி. உங்க மில்லுல சீட்டு இல்லாம வாட்ச்மேன் ஒரு ஆள உள்ள விட்டா நீங்க அவன வச்சிருப்பீங்களா?” என்றார். முதலாளிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால் மறுநாள் சீட்டோடு அதே கடைக்குத்தான் வந்தார் என்று ஜெராக்ஸ் கடைக்காரர் பின்னால் ஒருநாள் சொன்னார்.

இன்னொருவர் கூமாப்பட்டியில் மாந்தோப்புக் குத்தகை எடுத்தவர். சீட்டு இருந்தது, வாயில் வாடையும் இருந்தது. அக்கா மூக்கைச் சுளிக்கக்கூட இல்லை. “இதுவும் அதுவும் உள்ள சந்திச்சா மூச்சு நின்னுரும். மாத்திரையா, பாட்டிலா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க” என்றார். அவர் கெட்ட வார்த்தை சொல்லிக் கத்தினார். கத்தி முடிக்கும்வரை அக்கா கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அப்புறம் ஒரு சொம்பு தண்ணீரை நீட்டி, “செத்த நேரம் உக்காருங்க. எத்தன நாளாத் தூங்கல?” என்றார். அந்த மனிதர் படியில் உட்கார்ந்து அழுதேவிட்டார். அவர் மாத்திரையில்லாமல்தான் திரும்பினார், ஆனால் அக்காவே டாக்டரிடம் போனில் பேசி அவரை மறுபடி அனுப்பி வைத்தார்.

இவ்வளவு பார்த்த நான் திருந்தினேனா என்றால், இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையைத் தொடர்ந்தேன். பள்ளிக்கூடத்தில் முட்டி வலி என்று சொல்லி, காலை டிரிப்பை இன்னொரு டிரைவருக்கு மாற்றிவிட்டேன். வீட்டில் என் மனைவி, “இது என்னங்க மாத்திரை?” என்று கேட்டாள். ஏற்கெனவே ஒரு பொய் ஓடிக்கொண்டிருக்கிறதே, அதற்குத் தோதாக, “நரம்பு மாத்திரை. முட்டிக்கு” என்றேன். அட்டையைப் பூட்டியும் வைக்கவில்லை. பூட்டினால் ஏன் பூட்டுகிறாய் என்று கேட்பாளே! சாமி படத்துக்குக் கீழே, தீப்பெட்டி பக்கத்தில் வைத்தேன்.

என் அம்மாவும் எங்களோடுதான் இருந்தார். எழுபது தாண்டிய உடம்பு. சர்க்கரையால் கால் மரத்துப்போகும், ஊசி குத்துவது மாதிரி குறுகுறுக்கும். அத்தோடு இழுப்பும் உண்டு, சளிக்கு ஒரு டானிக் குடிப்பார். அவர் காலைப் பிடித்துவிடுவது என் மனைவிதான். என் கூடப் பிறந்த தங்கச்சி தளவாய்புரத்தில் வாக்கப்பட்டிருக்கிறாள். நினைத்தால் பஸ் ஏறி வரலாம், ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் நினைப்பாள்.

ஆறு ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன். ஏழாம் நாள் செவ்வாய்க்கிழமை. காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அட்டை காலியாகக் கிடந்தது. நான்கு மிச்சம் இருக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் நானே இரண்டு இரண்டாகப் போட்டுவிட்டேனா? மனைவியிடம் கேட்கவும் பயம். டிரிப் சாயங்காலம்தானே என்று காலி அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டேன்.

அக்கா அட்டையை வாங்கிப் பார்த்தார். “புதன்கிழமை ராத்திரி ஆரம்பிச்சீங்க. ஆறு போயிருக்கணும். நாலு எங்க?”

“தெரியல. நானே போட்டிருப்பேன்.”

“நாலு கூடப் போட்டவுக இப்படி நெட்டுக்குத்தலா நிக்க மாட்டாங்க. வீட்டுல யாரு யாரு இருக்கா?”

“வீட்டுக்காரி. அம்மா.”

“போன் போடுங்க.”

“எதுக்கு? சாயங்காலம் போயிக் கேட்டுக்கிடுதேன்.”

“அண்ணாச்சி, போடுங்க.” அந்தக் குரலை அவரிடம் அதற்கு முன் நான் கேட்டதில்லை. போட்டேன். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னார்.

என் மனைவி எடுத்ததுமே சிரித்த குரலில், “அந்த நரம்பு மாத்திரையா? அத்தைக்குத்தான் குடுத்தேன்” என்றாள். “முந்தாநாளு ராத்திரி ஒண்ணு குடுத்தேன். காலு வலியே தெரியலன்னு அம்புட்டு சந்தோசப்பட்டாங்க. நேத்து ராத்திரி ரெண்டு குடுத்தேன். காலையில கஞ்சி குடிச்சிட்டு மறுபடி குறுகுறுங்குதுன்னாங்க, மிச்சம் இருந்த ஒண்ணும் குடுத்தேன். நல்ல தூக்கம். இன்னும் எந்திரிக்கல. நீங்க வரும்போது இன்னொரு அட்டை வாங்கிட்டு வாங்க.”

மணி பதினொன்று ஆகப்போகிறது. அக்கா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“தாயி, நான் மருந்துக்கடையில இருந்து பேசுதேன். பதறாதீங்க. நான் சொல்றத அப்படியே செய்யுங்க. அவுகளத் தோளப் பிடிச்சு உலுக்கிக் கூப்பிடுங்க. கண்ணத் தொறக்காங்களா?”

“அத்தை! அத்தை! ...தொறக்காங்க. பொறவு சொருகிருது.”

“மூச்சு எப்படி இருக்கு?”

“குறட்டை மாதிரி... கர் கர்ருன்னு... விட்டு விட்டு வருது. யக்கா, என்னக்கா ஆச்சு?”

“ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில காபி, உப்புத்தண்ணி, மோரு எதையும் ஊத்தாதீங்க. யாரு சொன்னாலும் ஊத்தாதீங்க. நூத்தியெட்டுக்கு அடிக்கணும். அடிச்சு என்ன சொல்லுவீங்க?”

“மயக்கமா இருக்காங்கன்னு...”

“தூக்க மாத்திரைன்னு சொல்லணும்.”

அதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்திருந்தார்கள் போல, பல குரல்கள் கேட்டன. என் மனைவி குரலைத் தாழ்த்தி, “அது நரம்பு மாத்திரைக்கா” என்றாள்.

“இல்ல தாயி. அது தூக்க மாத்திரை. பேர மாத்திச் சொன்னீங்கன்னா அவுக நரம்புக்கு வைத்தியம் பாப்பாங்க. நேரம் போயிரும். உங்க மாமியா மூச்சு உங்க வாயில இருக்கு. சொல்லுங்க.”

“தெருவே நிக்குதுக்கா...”

“நிக்கட்டும். சொல்லுங்க.”

“தூக்க மாத்திரை” என்றாள். அழுகையில் சொல் பாதியில் உடைந்தது. அக்கா விடவில்லை. இன்னொரு முறை சொல்ல வைத்தார், இன்னொரு முறையும். மூன்றாவது தடவை அவள் கத்தியே சொன்னாள். தெருப் பெண்கள் “அடியாத்தீ” என்பது போனில் எனக்குக் கேட்டது. மருமகள் மாமியாருக்குத் தூக்க மாத்திரை கொடுத்துவிட்டாள் என்கிற செய்தி அந்த நிமிடமே பிறந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

“பஸ்ல போங்க. படபடப்புல யாரு பைக்கையும் வாங்கி ஓட்டாதீங்க” என்று அக்கா என்னைத் தள்ளாத குறையாக அனுப்பினார். அந்தப் பஸ்ஸில் நான் வேண்டாத தெய்வம் இல்லை.

ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு நான் போனபோது அம்மாவுக்கு மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்திருந்தார்கள். “சரியான நேரத்துல சரியா சொல்லிக் கொண்டாந்துட்டாங்க. பாத்துக்கிடலாம், ஆனா சாயங்காலம் வரைக்கும் எதுவும் சொல்ல முடியாது” என்றார் டூட்டி டாக்டர். வராண்டாவில் என் மனைவி சுவரோடு சுவராக நின்றிருந்தாள். தங்கச்சி தளவாய்புரத்திலிருந்து வந்து சேர்ந்துவிட்டாள். தெருவில் பாதி அங்கேதான் இருந்தது. இந்த மாதிரிக் கேஸ் வந்தால் ஆஸ்பத்திரியிலிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லிவிடுவார்கள் என்பதால் ஒரு ஏட்டம்மாவும் நோட்டோடு வந்திருந்தார்.

“எங்கம்மாவக் கொல்லப் பாத்துட்டா! பீ மூத்திரம் அள்ளச் சடைஞ்சுக்கிட்டு மாத்திரையக் குடுத்துட்டா!” என்று தங்கச்சி மார்பில் அடித்துக்கொண்டாள்.

ஏட்டம்மா என் மனைவியிடம், “தூக்க மாத்திரைன்னு தெரிஞ்சுதான குடுத்த?” என்றார்.

“இல்லம்மா. நரம்பு மாத்திரைன்னு நெனச்சேன்.”

“நல்லாக் கதை உடுதா!” என்றாள் தங்கச்சி.

“யாரு உனக்கு நரம்பு மாத்திரைன்னு சொன்னா?”

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். போனில் அக்கா பேசியபோதே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டிருந்தது. ‘என் வீட்டுக்காரர் சொன்னார்’ என்றால் அவள் பழி தீரும், என் வேன் போகும். அதனால் அவள் வாயைத் திறக்கவில்லை. இதை எழுதவே கை கூசுகிறது. நானும் திறக்கவில்லை. அங்கே என் வேனில் வருகிற பிள்ளையின் தகப்பனார் ஒருவர் நின்றிருந்தார். தூணுக்குப் பக்கத்தில் வாயில் கொழுக்கட்டையை அடைத்தது மாதிரி நின்றேன்.

அப்போது வாசல் பக்கம் வெள்ளைக் கோட்டு தெரிந்தது. பகலில் பூட்டாத கடையைப் பூட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடித்து அக்கா வந்திருந்தார். கையில் அந்த மாதிரி மாத்திரைகளுக்கென்று அவர் வைத்திருக்கும் தனி நோட்டும் நான் மேசையில் விட்டு வந்த காலி அட்டையும். நேராக டாக்டரிடம் போய் மாத்திரையின் பெயர், அளவு, எந்த மணிக்கு எத்தனை என்று சொன்னார். “போன்ல சொன்னா மில்லிகிராம் மாறிப் போயிரும் சார்” என்றார். பிறகுதான் வராண்டாவுக்கு வந்தார்.

ஏட்டம்மா, “நீங்கதான் வித்தீங்களா? யாரு பேருல?” என்றார்.

வாழ்நாள் முழுக்க அடுத்தவரைக் கேள்வி கேட்ட மனுஷி. அவரிடம் கேட்ட கேள்விக்குப் பதில் கையிலிருந்த நோட்டில் இருந்தது. பிரித்துக் காட்டினால் தீர்ந்தது. அவர் நோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு சொன்னார்:

“டாக்டர் சீட்டு இருக்கு, நோட்டும் இருக்கு. கேட்டா ஸ்டேஷன்ல வந்து காட்டுதேன். ஆனா மொதல்ல என் தப்ப எழுதிக்கிடுங்க. வாங்குனவுககிட்ட நான் இழுப்பு கேட்டேன், வேலை கேட்டேன், குடி கேட்டேன். வீட்டுல இதுக்கு என்ன பேரு சொல்லப் போறீங்கன்னு கேக்கல. கேட்டிருந்தா இந்தப் பிள்ளை இங்க நிக்காது.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு அதட்டல் இல்லை, ஒரு ஜாடை இல்லை. அந்த அக்கா கேள்வி கேட்காமல் ஒருவரைப் பார்த்து அன்றுதான் பார்த்தேன். அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

“என் பேருலதான்” என்றேன். “எனக்குத் தூக்கம் வராது. டாக்டர் எழுதிக் குடுத்தாரு. வெக்கப்பட்டுக்கிட்டு நரம்பு மாத்திரைன்னு இவகிட்டப் பொய் சொன்னது நான்தான். இவ அம்மா காலு வலிக்குதேன்னு பாசத்துல குடுத்தா. இவ மேல ஒண்ணும் இல்ல.”

அந்தப் பிள்ளையின் தகப்பனார் என்னை ஏறிட்டுப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இருந்தது. என் மனைவி அப்போதுதான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். தங்கச்சி தண்ணீர் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினாள்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா கண்ணைத் திறந்து, தெளிவாகப் பார்த்து, “என்னலே, எல்லாரும் ரேசன் கடையில நிக்க மாதிரி நிக்கிய?” என்றார். நடந்ததைச் சொன்னதும் தங்கச்சியைத்தான் முதலில் பிடித்தார். “ஏட்டி, காலு வலின்னு நான் உங்கிட்ட எத்தன தடவ போன்ல சொன்னேன்? நீ வந்து அமுக்கி விட்டியா? அமுக்குனவளுக்கா பழி?” ஆக்சிஜன் குழாயோடு அவர் திட்டிய திட்டை அந்த வார்டே கேட்டது. அக்கா அதுவரை இருந்துவிட்டுத்தான் கடைசியில் பஸ் ஏறினார். நான் கும்பிட்டபோது, “பகல்ல தூங்குவீங்களா? ஒரு நாளைக்கு எத்தன டீ?” என்றார். அந்த நேரத்திலும்!

அந்தக் கேள்வியில்தான் என் வியாதி அகப்பட்டது. காலை டிரிப்புக்கும் சாயங்கால டிரிப்புக்கும் நடுவே வேப்பமரத்தடியில் வேனை நிறுத்தி மூன்று மணி நேரம் தூங்குவேன். எழுந்ததும் ஒன்று, அப்புறம் ஒன்று என்று ஆறேழு டீ. இதை டாக்டர் கேட்டபோது, கவுரவத்துக்குப் பயந்து ‘ரெண்டு டீ, பகல் தூக்கம் இல்லை’ என்று சொல்லியிருந்தேன். இந்த முறை உண்மையைச் சொன்னேன். பகல் தூக்கத்தை நிறுத்தினார். மதியத்துக்கு மேல் டீ கிடையாது. மாத்திரையை அவர் சொன்னபடி பாதியாக்கி, ஒன்றுவிட்டு ஒரு நாளாக்கி, கொஞ்ச வாரத்தில் நிறுத்தியும்விட்டேன். பள்ளிக்கூடத்துக்கு நானே போய்ச் சொன்னேன். வேலையை விட்டு எடுக்கவில்லை, ஆனால் டாக்டர் சர்டிபிகேட் வரும்வரை கேட்டில் வாட்ச்மேனாக உட்கார வைத்தார்கள். பிள்ளைகள் போகும்போதும் வரும்போதும் சல்யூட் அடித்தன. அடிக்கட்டும், எனக்கு வேண்டியதுதான்.

அதற்குப் பல மாதம் கழித்து, “என்னப் பொழைக்க வச்ச மவராசிய நான் பாக்கணும்லே” என்று அம்மா நச்சரித்ததால் ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டிப் போனேன். கடையில் எங்களுக்கு முன்னால் ஒரு டீச்சரம்மா நின்றிருந்தார். தோளில் கைப்பை, முகத்தில் தூங்காத களைப்பு. அக்கா வழக்கமான கேள்விகளை எல்லாம் கேட்டு முடித்தார். அட்டையைக் கையில் எடுத்தார். கொடுக்கவில்லை.

“வீட்டுல இதுக்கு என்ன பேரு சொல்லப் போறீங்க?”

எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அது என் வீட்டில் பிறந்த கேள்வி. என் பொய்யை எடுத்து, இனி வருகிறவர்களுக்கெல்லாம் காவலாக நிறுத்திவிட்டார்.

டீச்சரம்மா தயங்கி, “சத்து மாத்திரைன்னு...” என்றார்.

“வீட்டுல பிள்ளைக இருக்கா?”

“ரெண்டு.”

அக்கா அட்டையை மேசையின் தன் பக்கத்தில் வைத்தார். “போன் போட்டு உள்ள பேரச் சொல்லுங்க. பொறவு தாரேன்.”

டீச்சரம்மா சுற்றிலும் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. போனைக் கையில் எடுத்தார், எண்ணைத் தொடவில்லை. அப்போது என் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு எட்டு முன்னால் வைத்தார்.

“கூச்சப்படாமச் சொல்லுங்கம்மா, தூக்க மாத்திரைன்னே சொல்லுங்க. என் மருமவ தெருவே கேக்க அந்தப் பேரச் சொன்னா. அதுனாலதான் நான் இன்னைக்கு உசுரோட உங்க பக்கத்துல நிக்கேன்.”